நல்ல தகடு தொடங்கும் இடம்

பழைய பிக்அப் வண்டியில் சக்கரத்தின் மேல் வில்லாகக் கவிந்திருக்கும் தகட்டுக்கு வாகனப் பொறியியல் நூல்கள் வீல் ஆர்ச் என்று பெயரிட்டிருந்தாலும், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரப் பட்டறைகளில் அது மட்கார்டு என்ற பொதுச்சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சேற்றைத் தடுப்பது என்று பொருள்படும் அந்தச் சொல்லில் அத்தகட்டின் கடமையும் அதன் முடிவும் சேர்ந்தே இருக்கின்றன. சக்கரம் வாரியெறியும் சேறு வண்டியின் மற்ற உறுப்புகளில் படாதபடி தன்மேல் ஏற்றுக்கொள்வதற்காகவே அது அங்கே பொருத்தப்பட்டிருக்கிறது. ஏற்றுக்கொண்ட சேறு உட்புற மடிப்புகளில் காயாமல் தங்கிவிடுவதால், வண்டியின் மேனியில் பெரும்பாலும் முதலில் ஓட்டை விழும் இடமும் அதுவாகவே ஆகிறது. டிங்கரிங் என்று தமிழரும் மலையாளிகளும் ஒருசேர அழைக்கும் தகட்டு வேலையில் இந்த ஓட்டையை அடைப்பது சாதாரண வேலையாகவே எண்ணப்படுகிறது. ஆனால் அது செய்யப்படும் முறையைக் கூர்ந்து பார்த்தால், இரும்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் அந்த மலைகளில் விளையும் பயிர்களைப் பற்றியும் பட்டறைக்காரர்களின் கைகளில் சேர்ந்திருக்கும் அறிவின் ஆழம் தெரியவரும்.

எல்லை என்று இங்கே சொல்லப்படுவது ஒரே நீள்கோடு அன்று. பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டங்களும் ஆனைமலையின் தமிழ்நாட்டுப் பகுதியும் கிடக்கின்றன. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுப் பக்கமும், சின்னார், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று இடுக்கிப் பக்கமும் சாலைகள் மாநிலத்தை மாற்றிக்கொள்கின்றன. பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தும், அங்கே வண்டியில் செல்ல விரும்புகிறவர் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்தே செல்ல வேண்டியிருக்கிறது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஊர்களான கொழிஞ்சாம்பாறை போன்றவற்றிலும் தமிழ் பேசுவோர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். இத்தகைய ஊர்களின் பட்டறைகளில் இரண்டு மொழிகளும் ஒரே வாயில் புழங்குகின்றன. அங்கே ஒரு சொல் தனிக் கவனத்துக்கு உரியது. தமிழில் துரு என்பதை மலையாளம் துரும்பு என்கிறது; இரும்பு துருப்பிடித்துவிட்டது என்பதற்குத் துரும்பெடுத்து என்று சொல்வது மலையாள வழக்கு. தமிழ்க் காதுக்குத் துரும்பு என்பது காற்றில் பறக்கும் வைக்கோல் துணுக்கு. பல ஆண்டுகள் சேற்றில் ஊறிய மட்கார்டின் விளிம்பை விரலால் நெருடும்போது அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து உள்ளங்கையில் கிடக்கும் கோலத்தைக் கண்டவருக்கு இரண்டு பொருள்களும் வெகுதூரத்தில் இல்லை என்று தோன்றும்.

துரு என்பது இரும்பு நீரோடும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் சேர்ந்து மாறும் நீரேற்ற ஆக்சைடு. இவ்விரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அது உண்டாவதில்லை. ஆனால் ஒரு தகட்டின் எந்த இடம் அரிக்கப்படும் என்ற கேள்விக்கு விடை அவ்வளவு நேரானதன்று. 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் மெருகிட்ட இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை வைத்து, அதனடியில் நடப்பதை நிறம் மாறும் வேதிப்பொருள்களின் துணையால் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார். சொட்டின் ஓரத்தில் காற்று எளிதாகக் கரைகிறது. நடுப்பகுதிக்குக் காற்று அரிதாகவே எட்டுகிறது. அரிக்கப்படுவது காற்று மிகுந்த ஓரமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே இயல்பாக இருக்க, உண்மையில் இரும்பு கரைந்தது காற்றில்லாத நடுப்பகுதியில்தான். காற்றுள்ள இடமும் காற்றற்ற இடமும் ஒரே ஈரத்தால் இணைக்கப்படும்போது இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிடுகின்றன. காற்றற்ற பக்கம் தன்னையே கரைத்து மின்னோட்டத்தைத் தருகிறது.

மட்கார்டின் உட்புறத்தில் அப்பிக்கிடக்கும் சேற்றுக்கட்டி அந்தச் சொட்டின் பெரிய வடிவம். கட்டியின் அடியில் காற்று புகாது, ஈரம் போகாது; அதன் ஓரத்தில் தகடு திறந்த காற்றில் இருக்கிறது. அதனால்தான் தினமும் மழையில் நனையும் வெளிமுகம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகடு மெலிந்துகொண்டே போகிறது. இரும்பைவிடத் துரு இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடம் கேட்பதால், உள்ளேயிருந்து தள்ளப்படும் வண்ணப்பூச்சு ஒருநாள் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளத்தைக் கண்ட வண்டிக்காரர் துரு தொடங்கியிருப்பதாக எண்ணுகிறார். டிங்கரோ அந்த இடத்தில் தகடு முடிந்துவிட்டதாக அறிகிறார்.

வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் மட்கார்டுத் துருவைப் பற்றி எழுதப்படுவனவெல்லாம் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் கொட்டப்படும் உப்பையே முதற்பகையாகக் கொள்கின்றன. உப்பைக் காணாத சாலைகளிலும் இடுக்கியின் வண்டிகள் அதே இடத்தில் அதே விதமாக மக்குவதற்குக் காரணம் தேட, முதலில் மழையையே பார்க்க வேண்டியிருக்கிறது. மூணாற்றைச் சுற்றிய மலைகளில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து மறையூர் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் இறங்கினால் வரும் சின்னார் மழைமறைவுப் பகுதியில், ஆண்டில் 48 நாட்கள் அளவிலேயே மழை பெய்வதாகக் கணக்கு. காந்தளூரிலிருந்து காய்கறியும் மறையூரிலிருந்து வெல்லமும் ஏற்றி உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் பிக்அப், ஒரே காலைப்பொழுதில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மாலையில் மறுபடி நனைய மேலேறுகிறது. பாலக்காட்டிலும் கணவாயின் வறண்ட கிழக்குக் காற்றுக்கும் மேற்கிலிருந்து வரும் பருவமழைக்கும் இடையில் வண்டிகள் இதே போல் மாறிமாறி ஓடுகின்றன. ஓயாமல் நனைந்திருக்கும் இரும்பைவிட நனைந்தும் காய்ந்தும் மாறும் இரும்பு விரைந்து அரிக்கப்படும் என்பது அரிமான அறிவியலில் உறுதிப்பட்ட செய்தி. நீர்ப்படலம் மெலிந்து காயும் வேளையில்தான் ஆக்சிஜன் இரும்பை எளிதாக எட்டுகிறது. வயலுக்கு நல்லதென்று உழவர்கள் போற்றும் காய்ச்சலும் பாய்ச்சலும் வண்டியின் தகட்டுக்கு ஆகாத பத்தியமாக முடிகிறது.

மழைக்கு அடுத்து ஏலக்காய்த் தோட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலைப் பக்கங்களில் ஏலச்செடியின் காயை அழுகவைக்கும் நோய்க்கு அழுகல் என்றே பெயர். பருவமழைக்கு முன்பும் மழைக்காலத்தின் இடையிலும் அதற்கு எதிராக ஒரு விழுக்காடு போர்டோ கலவையைத் தெளிப்பது நெடுங்கால முறை. 1880களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பிறந்த இந்தக் கலவையில் 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்கின்றன. மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட்டு. மலையாளத்தில் அது துரிசு. அதை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது என்று வேளாண் கையேடுகள் எச்சரிப்பதோடு, கலவை சரியாக அமைந்ததா என்று அறிய மெருகான கத்தியலகை அதில் நனைத்துப் பார்க்கும்படியும் சொல்கின்றன. அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அந்தச் செம்மை படியும்போது நிகழ்வது என்னவென்றால், கரைசலிலுள்ள தாமிரம் வெளியேறித் தகட்டின் மேல் அமர, அதற்கு ஈடாக இரும்பு கரைசலுக்குள் இறங்கிப் போகிறது. பிக்அப்பின் பின்பெட்டியில் குலுங்கிச் சிந்தும் துரிசு நீரும், மூட்டையிலிருந்து உதிரும் பொட்டாஷ் உரத்தின் குளோரைடும் பலகை இடுக்குகள் வழியாக மட்கார்டின் மடிப்புக்குள் இறங்கும்போது, கத்தியலகில் ஒரு நிமிடத்தில் நடக்கும் சோதனை அங்கே ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது. தோட்டக்காரர் கத்தியில் கண்டறிந்த உண்மையைத் தம் வண்டியின் அடியில் காணத் தவறுவது வருந்தத்தக்கது. தெளிப்பு முடிந்த அன்று மாலை வண்டியின் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவிவிட்டாலே பாதிச் சேதம் குறையும்.

இந்த மலைகளில் ஓடும் பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் மட்கார்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. 1988இல் வெளிவந்த டாட்டாமொபைலில் பின்பெட்டியின் பக்கத்தகடே சக்கரத்தைச் சுற்றி வளைந்து நின்றது. பிற்காலப் பிக்அப்களில் பின்பெட்டி சக்கரத்துக்கு மேலே தட்டையாக அமைந்துவிட, துருவின் பாரம் பெரும்பாலும் கேபினின் முன்சக்கர வளைவுக்கு மாறியது. மகிந்திரா ஜீப்புகளில் பின்சக்கரத்தின் மேல் உட்புறமாகப் பெட்டிபோல் எழும் தகடு இருக்கைக்கு அடித்தளமாகவும் உதவுகிறது. விடியற்காலையில் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்கு மலையேறும் பெண்கள் நெருக்கியடித்து அமர்வது அந்தப் பெட்டியின் மேல்தான். அது மக்கிவிட்டால் சக்கரச் சேறு அவர்கள் காலில் தெறிக்கிறது, இருக்கையின் பிடிமானமும் தளர்கிறது. மட்கார்டுத் துருவை வண்டியின் அழகைச் சேர்ந்த குறையாக மட்டும் பார்ப்பவர்கள் அந்த இருக்கையை எண்ணிப்பார்ப்பது நல்லது.

பழுதுபார்க்கும் வேலை கழுவுவதில் தொடங்குகிறது. சேறு முழுவதும் சுரண்டி எடுக்கப்பட்டபின் டிங்கர் சிறு சுத்தியலால் தகட்டை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறார். நல்ல தகடு கணீரென்று எதிரொலிக்கிறது. உள்ளே மெலிந்த தகடு ஓசையை விழுங்கிவிடுகிறது. ஐயமான இடத்தில் ஸ்குரூடிரைவரின் முனையை ஊன்றி அழுத்தினால், மக்கிய தகடு அப்பளம்போல் நொறுங்கி வழிவிடும். இந்தத் தட்டலின் வழியாகத் துருவுக்கும் நல்ல இரும்புக்கும் இடையிலுள்ள கோட்டை அவர் மனத்தில் வரைந்துகொண்டு, அதற்கும் ஓர் அங்குலம் வெளியே சாக்பீசால் குறியிடுகிறார். கண்ணுக்குத் தெரியும் ஓட்டை ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவே இருந்தாலும் குறியிடப்பட்ட பரப்பு ஓர் உள்ளங்கையளவு வந்துவிடுவது வழக்கம். வண்டிக்காரருக்கும் டிங்கருக்கும் வாக்குவாதம் எழுவது இந்த இடத்தில்தான். இருக்கிற தகட்டையும் வெட்டி எறிவதா என்று ஒருவர் தயங்க, வெட்டாமல் விட்டால் பற்றவைக்க இடமில்லை என்று மற்றவர் நிற்கிறார். டிங்கரின் பேச்சே சரியானது. மெலிந்த ஓரத்தில் நெருப்பு பட்டதும் அது உருகி ஓடி ஓட்டையைப் பெரிதாக்கும். தப்பித் தவறி ஒட்டிக்கொண்டாலும் அடுத்த பருவமழைக்குள் ஒட்டின் ஓரமாகவே புதிய கோடு விழும். இந்தத் தொழிலின் உயர்ந்த திறமை சேர்ப்பதைவிட வெட்டுவதில், எவ்வளவு வெட்டினால் போதும் என்று நிறுத்துவதில் இருக்கிறது.

கிரைண்டர் வெட்டிய வெற்றிடத்தின் மேல் அட்டையை வைத்து மாதிரி எடுத்து, அதன்படி 20 கேஜ் தகட்டை, அதாவது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் கனமுள்ளதை, நறுக்குகிறார்கள். வளைவு இரண்டு திசைகளில் ஓடுவதால் அதை மடிப்பது எளிதன்று. வெளிமுகம் மெல்லப் புடைத்திருக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிய விளிம்பு உள்நோக்கி மடங்கவும் வேண்டும். மடங்கும்போது அந்த விளிம்பு தன் இயல்பான நீளத்தைவிட விரிய வேண்டியிருப்பதால், விரியாத இடத்தில் கிழியும். அனுபவமுள்ளவர்கள் மணல்மூட்டையின் மேல் வைத்துச் சிறுசிறு அடிகளால் தகட்டை இளக்கி விரிக்கிறார்கள். அவசரக்காரர்கள் விளிம்பில் வரிசையாக வெட்டுப்போட்டு மடித்துப் பிறகு ஒவ்வொரு வெட்டையும் பற்றவைத்து நிரப்புகிறார்கள். இரண்டாவது முறையில் வரும் ஒவ்வொரு தையலும் நீர் தங்கும் ஓர் இடுக்கு. முழு மட்கார்டையே மாற்ற நினைப்பவர்கள் கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடுவதும் உண்டு. ஆனால் வேறொரு வண்டியிலிருந்து வெட்டி வந்த தகடு தன் பழைய மழைகளையும் உடன்கொண்டு வருகிறது என்பதால் அதையும் தட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

பற்றவைப்பில் பகை வெப்பம். ஆக்சி-அசிட்டிலின் சுடர் 3000 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. இரும்பு உருகுவது 1538 டிகிரியில். மெல்லிய தகட்டில் ஒரே ஓட்டமாகக் கோடு இழுத்தால் அது நெளிந்து முறுக்கிக்கொள்ளும் என்பதால், தொலைவு விட்டுத் தொலைவு பொட்டுப் பொட்டாக வைத்து, ஒரு பொட்டு ஆறும்வரை எதிர்ப்புறத்துக்குப் போய், நனைந்த துணியால் ஒற்றி, கடைசியில் பொட்டுகளை இணைக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காப்பில் கம்பி தானாக ஊட்டப்படும் சிஓடூ வெல்டிங் பரவியபின் வெப்பம் குறுகிய இடத்தில் அடங்குகிறது. ஆயினும் எந்த முறையானாலும் ஒட்டின் பின்புறத்தில் இருந்த பழைய பூச்சு கருகிப் போகிறது. அந்தக் கருகிய பட்டை கண்ணுக்கும் தூரிகைக்கும் எட்டாத உள்மடிப்பில் இருப்பதால் அடுத்த துரு அங்கிருந்தே புறப்படும். முன்புறத்தை எவ்வளவு மெருகிட்டாலும் அதற்குப் பயனில்லை. ஆகவே உள்தகட்டை முதலில் சீராக்கி, துருநீக்கி பூசி, வெல்டிங் முடிந்தபின் நீண்ட குழாய் வழியாக உள்ளே மீண்டும் பூச்சைத் தெளிப்பவரே வேலையை முடித்தவர். சில ஆயிரம் ரூபாய்க்குள் வேலை அடங்க வேண்டும் என்ற நெருக்கடியில் முதலில் விடுபடுவதும் இந்த உள்வேலையே.

அதன் இடத்தை எடுத்துக்கொள்வது பட்டி. பாலியெஸ்டர் பிசினில் மாக்கல் தூளைக் குழைத்துச் செய்யப்படும் இந்தப் பசை, ஓரிரு மில்லிமீட்டர் மேடுபள்ளத்தைச் சமன்செய்வதற்காக உருவானது. ஓட்டையில் சாக்குத்துணியையோ கம்பிவலையையோ திணித்து அதன் மேல் அரை அங்குலம் பட்டி பூசி மெருகிடுவது அதன் பயனைத் திரிப்பதாகும். பட்டி தன்னளவில் நீரை உறிஞ்சக்கூடியது. மேலே வண்ணமும் உள்ளே திறந்த துருவுமாக அது நனைந்த பஞ்சுபோல் தகட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. சட்டத்தின் கால அட்டவணையும் அறியாமலேயே இதற்குத் துணைபோகிறது. எட்டாண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று, அதாவது பேச்சுவழக்கில் எஃப்.சி., பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. பாதுகாப்புக்காக எழுந்த நல்ல விதி அது. ஆனால் எஃப்.சி. நாள் நெருங்கும்போது பட்டறைக்கு வரும் வண்டி, கண்ணுக்குத் தெரியும் குறையை மறைத்துத் தரும்படி கேட்டே வருகிறது. தட்டிப் பார்க்கும் சுத்தியலின் ஓசைக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டமாவது இருந்திருந்தால் இந்த மலைகளின் டிங்கரிங் வேலையே வேறுவிதமாக வளர்ந்திருக்கும்.

சீராக்கிய தகட்டின் மேல் முதலில் ஏறும் ரெட் ஆக்சைடு பிரைமரின் செம்மைக்குக் காரணமான நிறமி இரும்பு ஆக்சைடே. இரும்பை இனி மாற முடியாத அளவுக்கு மாறிய இரும்பே காக்கிறது. பாலக்காட்டுக்கு வடமேற்கேயுள்ள அங்காடிப்புறத்தில் மண்ணிலிருந்து செங்கல்போல் வெட்டியெடுக்கப்பட்டுக் காற்றுப்பட்டதும் இறுகும் கல்லைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான தம் பயண நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார்; வெட்டுக்கல் என்று ஊரார் அழைக்கும் அந்தப் பாறை, பல லட்சம் ஆண்டு மழை மற்றவற்றைக் கரைத்துக் கொண்டுபோனபின் எஞ்சிய இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் திரட்சி. மட்கார்டில் பத்து மழைக்காலத்தில் நடப்பதன் தொலைதூர உறவு அது. துருநீக்கிக் குப்பிகளில் சிலவற்றில் இருக்கும் டானிக் அமிலமும் இந்த நிலத்துக்கு அந்நியமானதன்று. துருவோடு அது சேர்ந்து நீலக்கறுப்பான, எளிதில் கரையாத படலமாகிறது. கடுக்காய் ஊறிய துணியில் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் கலம்காரி ஓவியர்கள் தீட்டும் கறுப்பு இதே வேதிமாற்றம். தேயிலைத் தோட்டத்தில் இரும்புக் கத்தியில் தேயிலைச் சாறு பட்டுக் கறுக்கும் கறையும் அதுவே.

எத்தனை முறை ஒட்டுப்போடலாம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஒட்டின் மேல் ஒட்டு விழுந்து, சட்டம் எனப்படும் சேசிஸின் ஓரங்களும் பொருக்குவிடத் தொடங்கினால் நல்ல டிங்கர் வேலையை ஏற்க மறுத்துவிடுவார். பிறகு வண்டி எடைக்குப் போகிறது. வாளையாற்றை அடுத்த கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் உலைகள் இருப்பதால், எல்லைச் சாலைகளில் மக்கிய தகடுகளில் ஒரு பகுதி அதே எல்லையிலேயே மீண்டும் திரவமாகிறது. துருவாகிச் சாலையோர மண்ணில் உதிர்ந்த பங்கு மட்டும் எந்த எடைக்கல்லிலும் ஏறுவதில்லை.

ஏற்கத்தக்க வண்டியில் வண்ணம் காய்ந்தபின்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கும். மட்கார்டின் உள்மடிப்பு முடியும் தாழ்ந்த மூலையில், உள்ளே இறங்கும் நீர் வெளியேறுவதற்காகத் தொழிற்சாலை ஒரு சிறு துளையை விட்டிருக்கும். சேறும், பூச்சும், சில வேளைகளில் முந்தைய டிங்கரின் பட்டியும் அதை அடைத்துவிட்டிருக்கும். பொறுப்புள்ள பட்டறையில் கம்பியை நுழைத்து அந்தத் துளையைத் திறந்துவிட்டு, மேலிருந்து ஒரு குவளை நீரை உள்ளே ஊற்றுகிறார்கள். ஒருவர் சக்கரத்தின் அருகே குனிந்து அமர்ந்து, ஊற்றிய நீர் முழுவதும் துளை வழியாகத் தரைக்கு வந்து சேர்கிறதா என்று கடைசிச் சொட்டுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.